டிரெஸ்டனின் செல்லோ நாற்காலி

செல்லோ கற்கிற பிள்ளைகளுக்கு டோட்ஸாவர் என்று ஒரு மனிதர் இருந்தார் என்பதே தெரியாது. “சார், இன்னைக்கும் டோட்ஸாவரா?” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்பார்கள். டோட்ஸாவர், கும்மர், லீ, கோஸ்மான், க்ரூட்ஸ்மாகர் எல்லாமே அவர்களுக்கு வெறும் பக்க எண்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் ஆர்கெஸ்ட்ராவில் பல வருஷம் வாசித்தவர், அவருக்கும் அப்படித்தான். லண்டன் தேர்வுக்கு எந்தப் பயிற்சி வருகிறதோ அதை ஜெராக்ஸ் எடுத்து நீட்டுவார். யார் எழுதியது, எப்போது, எதற்காக என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நம் சரளி வரிசை புரந்தரதாசர் போட்டுக்கொடுத்தது என்பது மரபு. அதற்கு மேல் தோண்ட யாருக்கும் தோன்றுவதில்லை. ஜெர்மன் செல்லோப் பயிற்சிகளின் கதை வேறு. ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் உண்டு, ஓபஸ் எண் உண்டு, அச்சிட்டு விற்ற கடை உண்டு. தோண்டிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியவருகிறது: அவற்றில் பெரும்பகுதி ஒரே ஊரிலிருந்து, ஒரே ஆர்கெஸ்ட்ராவின் ஒரே நாற்காலியைச் சுற்றி வளர்ந்தது. அந்த ஊர் டிரெஸ்டன். சாக்ஸனி மன்னரின் அரசவை ஆர்கெஸ்ட்ராவில் முதல் செல்லோவாக உட்கார்ந்த மூன்று பேரும், அவர்களிடம் படித்தவர்களும் எழுதித் தள்ளியதைத்தான் உலகம் முழுக்கப் பிள்ளைகள் இன்றும் திட்டிக்கொண்டே வாசிக்கிறார்கள்.

முதலாமவர் ஃப்ரீட்ரிஹ் டோட்ஸாவர். 1783-ல் துரிங்கியாவில், ஹில்ட்பர்க்ஹௌசன் பக்கத்திலுள்ள ஹேஸல்ரீட் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார். பையன் பியானோ, வயலின், கிளாரினெட், ஹார்ன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கற்றுக்கொண்டான். டபுள் பாஸ் சொல்லிக்கொடுத்தவர் ஊர்க் கொல்லர். செல்லோவில் முதல் பாடம் எடுத்தவர் அரசவையில் டிரம்பெட் ஊதியவர். அந்தக் காலத்துச் சின்ன சமஸ்தானங்களில் அப்படித்தான். ஒரே ஆள் நாலு வாத்தியம் வாசித்தால்தான் சம்பளம் கட்டுப்படியாகும். இசை இலக்கணத்தை ஊர் ஆர்கன்காரர் ரூட்டிங்கரிடம் படித்தார். ரூட்டிங்கர் கிட்டலின் மாணவர். கிட்டல், செபாஸ்டியான் பாஹிடம் கடைசிக் காலத்தில் படித்தவர்களில் ஒருவர். ஆக பாஹுக்கும் இந்தக் கிராமத்துப் பையனுக்கும் நடுவில் இரண்டே பேர். இந்த விவரம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

பிறகு மைனிங்கன் அரசவை. அங்கே க்ரீக் என்ற செல்லோக்காரர். அவர் பாரிஸில் ழான்-லூயி தூபோரிடம் படித்து வந்தவர். தூபோர்தான் செல்லோவுக்கு விரல் கணக்கை ஒழுங்குபடுத்தியவர். அதுவரை பலரும் வயலின் பிடிக்கிற மாதிரிக் கையைச் சாய்த்து வைத்து, கிடைத்த விரலால் சமாளித்தார்கள். பக்கத்துப் பக்கத்து விரல்களுக்கு நடுவே ஓர் அரைஸ்வரம், கை தந்திக்கு நேராக நிற்கவேண்டும் என்று வகுத்து, 1806-ல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார் தூபோர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பயந்து பெர்லினுக்கு ஓடி, பிரஷ்ய அரசவையில் வேலை பார்த்த காலத்தின் விளைச்சல் அது. அதன் முடிவில் 21 பயிற்சிகள் இருக்கின்றன. ஜெர்மன் பயிற்சிகளின் தாய்வீடு என்றால் அதுதான், எழுதியவர் பிரெஞ்சுக்காரராக இருந்தாலும்.

டோட்ஸாவர் 1805-ல் லைப்ஸிக் போய் கெவாண்ட்ஹௌஸ் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். அடுத்த வருஷம் பெர்லின் போய், அன்றைக்கு ஜெர்மனியிலேயே பெரிய செல்லோ வித்வானான பெர்ன்ஹார்ட் ரோம்பெர்க்கிடமும் கேட்டுக்கொண்டார். ரோம்பெர்க் தனி ரகம். இளவயதில் பான் அரசவையில் பேத்தோவனோடு வாசித்தவர். பிற்பாடு அதே பேத்தோவனின் ரஸுமோவ்ஸ்கி குவார்ட்டெட்டில் செல்லோ ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுவதைப் பார்த்துவிட்டுத் தாளைக் கீழே போட்டு மிதித்தார் என்றொரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அவர் குணத்துக்குப் பொருந்துகிறது.

1811-ல் டோட்ஸாவர் டிரெஸ்டனுக்கு வந்தார். 1821-ல் முதல் செல்லோ. 1850 வரை அந்த இடத்தை விடவில்லை. யோசித்துப் பாருங்கள்: வேபர் அங்கே இசை இயக்குநராக இருந்த காலம் முழுவதும், பிறகு வாக்னர் அதே பதவியில் இருந்த 1843 முதல் 1849 வரையும், இந்த மனிதர் அந்த ஆர்கெஸ்ட்ராவில் இருந்திருக்கிறார். ‘டான்ஹௌஸர்’ முதல்முறை மேடை ஏறிய 1845-ல் முதல் செல்லோ அவர்தான். ராத்திரி ஓப்பரா, பகலில் மாணவர்கள், நடுவில் கிடைத்த நேரத்தில் எழுத்து. சிம்பனி, கான்செர்ட்டோ, பூசைப் பாடல், 1841-ல் மேடையேறிய ஓர் ஓப்பரா என்று ஓபஸ் எண்கள் 160-ஐத் தாண்டிப் போகின்றன. ஒன்றையும் இன்று யாரும் வாசிப்பதில்லை. பயிற்சிகள் மட்டும் தங்கிவிட்டன.

அந்தப் பயிற்சிகளைப் புரிந்துகொள்ள ஒரு காரியம் செய்யவேண்டும். செல்லோவின் அடியில் தரையில் ஊன்றுகிற கம்பி இருக்கிறதே, முள் என்போம், அதை உள்ளே தள்ளிவிட்டு வாசித்துப் பார்க்கவேண்டும். டோட்ஸாவரும் கும்மரும் முள் இல்லாமல்தான் வாசித்தார்கள். பெல்ஜியத்து செர்வே 1840களில் அதைப் பிரபலப்படுத்தினார். எல்லோரிடமும் பரவ இன்னும் பல வருஷம் ஆனது. முள் இல்லாவிட்டால் நாற்காலியின் முன்விளிம்பில் உட்கார்ந்து, இடது பாதத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்து, வாத்தியத்தை இரண்டு கெண்டைக்கால்களுக்கு நடுவே கவ்விப் பிடிக்கவேண்டும். முழங்கால் பலகையில் அழுத்தினால் நாதம் செத்துவிடும்.

நான் இதைச் செய்து பார்த்தபோது முதலில் வலித்தது கால்தான். ஆனால் சீக்கிரமே வேறொன்று தெரிந்தது. இடது கை கழுத்தை இறுக்கிப் பிடித்தால் வாத்தியமே கூட வந்துவிடுகிறது. பெருவிரலால் நெரித்துக்கொண்டு மேலும் கீழும் ஓடுகிற இன்றைய பழக்கம் அங்கே எடுபடாது. கை ஓர் இடத்தில் நிற்கவேண்டும், விரல்கள் வேலை செய்யவேண்டும், வில் ஒரு தந்தியிலிருந்து இன்னொரு தந்திக்கு அமைதியாகப் போகவேண்டும். டோட்ஸாவரின் ஆரம்பப் பயிற்சிகளில் பக்கம் பக்கமாக வருவது இதுதான். ஒரே பொசிஷன். பதினாறில் ஒரு பங்கு நீள ஸ்வரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றைச் சேர்த்து ஒன்றைப் பிரித்து, பிறகு ஒன்றைப் பிரித்து மூன்றைச் சேர்த்து, பிறகு இரண்டிரண்டாக என்று வில்லின் கணக்கு மட்டும் மாறும். முள்ளை ஊன்றிக்கொண்டு வாசித்தால் சலிப்பாக இருக்கிறது. முள் இல்லாமல் வாசித்தால் ஒவ்வொரு மாற்றமும் எதற்கு என்று உடம்புக்குப் புரிகிறது. அவர் எழுதியது அந்த வாத்தியத்துக்கு. நாம் வாசிப்பது வேறு வாத்தியம்.

அதிர்வும் அப்படித்தான். இன்று இடது கையை ஆட்டாமல் ஒரு ஸ்வரம் பிடித்தால் தவறு என்கிற அளவுக்குப் போய்விட்டோம். அந்தத் தலைமுறைக்கு அது அலங்காரம். நீண்ட ஸ்வரத்தில், அதுவும் அளவோடு. ஆட்டத்தை நிறுத்திவிட்டு வாசித்தால் சுருதி பிசகுவது பச்சையாகக் கேட்கும். பயிற்சிக்கு அது நல்லதுதானே.

டோட்ஸாவரின் மாணவர்களில் மூத்தவர் ஃப்ரீட்ரிஹ் ஆகுஸ்ட் கும்மர். 1797-ல் மைனிங்கனில் பிறந்து, ஓபோ வாசிக்கிற அப்பாவோடு டிரெஸ்டனுக்கு வந்தவர். அரசவை ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ இடம் காலி இல்லை. அதனால் 1814-ல் ஓபோக்காரராகச் சேர்ந்தார்! மூன்று வருஷம் ஊதிவிட்டு 1817-ல் செல்லோவுக்கு மாறினார். குரு 1850-ல் ஓய்வு பெற்றதும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். 1864 வரை இருந்தார். அரசாங்க வேலையில் அப்பாவுக்குப் பின் மகன் வருவதைப் போலத்தான், இங்கே குருவுக்குப் பின் சிஷ்யன்.

கும்மரின் ‘செல்லோப் பள்ளி’, ஓபஸ் 60, 1839-ல் வந்தது. இன்றைக்கும் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிற புத்தகம். அதிலுள்ள பயிற்சிப் பாடல்களுக்குக் கீழே இரண்டாவது வரி ஒன்று ஓடும். அது ஆசிரியருக்கான செல்லோ. மாணவன் நாலே ஸ்வரத்தைத் தடவித் தடவி வாசிக்கும்போது கீழே ஆசிரியர் சுருதியையும் தாளத்தையும் தாங்கிப் பிடிக்கிறார். மாணவன் பிசகினால் ‘தப்பு’ என்று வாயால் சொல்லவேண்டியதில்லை; இரண்டு தந்திகளும் சேராமல் உரசுவது அவன் காதுக்கே கேட்டுவிடும். தூபோரின் 21 பயிற்சிகளும் முதலில் அப்படித்தான் இரண்டு செல்லோவுக்கு எழுதப்பட்டவை. பின்னாளில் வந்த பதிப்புகள் பலவற்றில் அந்தக் கீழ்வரியை வெட்டிவிட்டார்கள். தாள் மிச்சம், தனியாக வீட்டில் வாசிக்க வசதி. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பயிற்சிகளுக்கு வறட்சி என்கிற கெட்ட பெயர். ஆள் இல்லாத வீட்டில் பேச்சுத்துணை எதிர்பார்க்க முடியுமா?

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆசிரியர்கள் இதில் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார்கள். “அடுத்த வாரம் இரண்டு பக்கம் முடித்துக்கொண்டு வா” என்று அனுப்பிவிடுவது சுலபம். கும்மர் நினைத்த பாடத்தில் ஆசிரியர் கையில் வாத்தியம் இருந்தது. பையனோடு சேர்ந்து வாசித்தார்.

டிரெஸ்டனுக்கு வெளியே இருந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் செபாஸ்டியான் லீ. 1805-ல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். ரோம்பெர்க்கின் மாணவரான ப்ரெல்லிடம் படித்தவர். 1830களில் பாரிஸ் போய், ஓப்பரா ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தார். வயதான பின் ஹாம்பர்க் திரும்பி 1887-ல் காலமானார். அவருடைய ஓபஸ் 31, நாற்பது மெலடிப் பயிற்சிகள். பாரிஸ் ஓப்பராவில் தினம் ராத்திரி பாடகர்களின் மூச்சைக் கேட்டுக்கொண்டே வாசித்தவர் எழுதியது என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். வாக்கியம் எங்கே முடிகிறது, எங்கே மூச்சு எடுக்கவேண்டும் என்பதெல்லாம் வில்லின் கணக்கிலேயே இருக்கிறது. டோட்ஸாவரிடம் விரலுக்கு வேலை. லீயிடம் வலது கைக்கு வேலை. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள், வாசிக்க வைத்தால் நம்புவார்கள்.

லீக்கு நேர் எதிர் பெர்ன்ஹார்ட் கோஸ்மான். டெஸ்ஸௌவில் 1822-ல் பிறந்தவர், கும்மரிடம் படித்தவர். 1850-ல் வைமார் போய் லிஸ்ட்டின் கீழ் வாசித்தார். 1866-ல் மாஸ்கோ கன்சர்வேட்டரி தொடங்கியபோது அங்கே பேராசிரியர். 1878-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஹோஹ் கன்சர்வேட்டரி தொடங்கியபோது அங்கே. அவர் எழுதிய விரல் பயிற்சிப் புத்தகத்தில் பாட்டு என்பதே கிடையாது. இரண்டு தந்திகளில் இரண்டிரண்டு விரல்களை வைத்து, ஒரு ஜோடி தூக்கும்போது இன்னொரு ஜோடி இறங்கவேண்டும். இடது கையில் இரட்டை ட்ரில். இரண்டு நிமிஷம் ஒழுங்காகச் செய்தால் மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே உள்ளங்கை எரியும். கைக்கு மருந்து என்றே நான் இதைத் தருகிறேன், அளவோடு. உலகத்துச் செல்லோக்காரர்களில் பாதிப் பேர் வீட்டில் இந்தப் புத்தகம் இருக்கும். அட்டைக்குள்ளே இருக்கிற பெயரைப் பற்றி விசாரிப்பவர்கள் கொஞ்சம்.

விசாரித்தால் கதை இருண்டதாகப் போகும். கோஸ்மான் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1910-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் நிறை வாழ்வு வாழ்ந்து இறந்தார். மகன் பால் நிக்கோலாஸ் கத்தோலிக்கராக மாறினார். பத்திரிகை ஆசிரியராகி, ஜெர்மன் தேசியவாதத்தை ஊரறிய முழங்கினார். முதல் உலகப் போரில் ராணுவம் தோற்கவில்லை, உள்ளேயிருந்தவர்கள் முதுகில் குத்தினார்கள் என்ற கட்டுக்கதையைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர். 1933-ல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். 1942-ல் தெரேஸியன்ஷ்டாட் முகாமில் அவர் இறந்தார்.

டிரெஸ்டன் நாற்காலியின் மூன்றாமவர் ஃப்ரீட்ரிஹ் க்ரூட்ஸ்மாகர். இவரும் டெஸ்ஸௌக்காரர்தான், பிறப்பு 1832. அங்கே சொல்லிக்கொடுத்தவர் ட்ரெக்ஸ்லர். ட்ரெக்ஸ்லர் டோட்ஸாவரின் மாணவர். லைப்ஸிக்கில் பெயர் வாங்கிவிட்டு 1860-ல் டிரெஸ்டனுக்கு வந்து, கிட்டத்தட்ட சாகும்வரை, அதாவது 1903 வரை அந்த ஊர்தான். அவருடைய ஓபஸ் 38, இரண்டு பாகங்களில் 24 பயிற்சிகள். முதல் பாகம் கெட்டிக்கார மாணவனுக்கு எட்டும். இரண்டாம் பாகத்தில் பெருவிரலைத் தந்தியின் மேல் படுக்க வைத்துக்கொண்டு உச்சாணிக் கொம்பில் நடக்கவேண்டும். அதை முழுக்க வாசித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

க்ரூட்ஸ்மாகரை உலகம் ஒரு விஷயத்துக்காகத் திட்டுகிறது. 1895-ல் அவர் வெளியிட்ட பொக்கெரீனி பி-ஃபிளாட் கான்செர்ட்டோ, பொக்கெரீனியின் பல படைப்புகளிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டியது. பாஹின் செல்லோ சூட்களுக்கும் தன் கைச்சரக்காகக் கார்டுகளையும் ஓட்டங்களையும் சேர்த்து ஒரு கச்சேரிப் பதிப்பு போட்டார். மூலத்தைக் கும்பிடுகிற நம் காலத்துக்கு இது பாவம். அவர் காலத்தில் பழைய துணியை வெட்டிப் புதுச் சட்டை தைப்பது தையல்காரனின் திறமையாகக் கருதப்பட்டது. ஆனால் அந்தக் கோபத்தில் ஓபஸ் 38-ஐயும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள், அது அநியாயம். அங்கே அவர் யாருடைய சொத்தையும் தொடவில்லை.

பாஹ் என்றதும் டோட்ஸாவரிடம் திரும்பவேண்டும். பாஹின் ஆறு செல்லோ சூட்களும் முதன்முதலில் அச்சானது 1824-ல், பாரிஸில். இரண்டு வருஷம் கழித்து 1826-ல் லைப்ஸிக்கில் ப்ரைட்கோப் உண்ட் ஹேர்ட்டல் நிறுவனம் டோட்ஸாவரின் பதிப்பை வெளியிட்டது. கிட்டலின் வழியில் வந்தவர் அல்லவா, அந்தக் கைமரபு அவருக்குள் இருந்திருக்கும். கவனிக்கவேண்டியது இது: அந்த ஆரம்பப் பதிப்புகளின் தலைப்பிலேயே ‘எட்யூட்’ என்று போட்டிருந்தது. பாஹின் சூட்கள் பயிற்சிப் புத்தகமாகத்தான் கடையில் விற்றன. செல்லோ ஒன்று தனியாக மேடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாஹ் வாசிக்கும், ஜனம் காசு கொடுத்துக் கேட்கும் என்று 1826-ல் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். டோட்ஸாவரின் பயிற்சிகளும் பாஹின் சூட்களும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருந்தன. ஒன்று மேடைக்குப் போனது, இன்னொன்று வகுப்பறையிலேயே தங்கிவிட்டது. இசையின் தரத்தில் இரண்டுக்கும் மலையும் மடுவும் போல வித்தியாசம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘பயிற்சி’ என்று போட்டிருந்தால் மேடைக்கு லாயக்கில்லை என்பது பின்னால் வந்த முடிவு.

டிரெஸ்டன் வித்து எங்கெல்லாம் முளைத்தது என்று பார்த்தால் தலை சுற்றும். டோட்ஸாவரின் மாணவர் கார்ல் ஷூபெர்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். அவரிடம் படித்தவர் தாவிதோவ். மாஸ்கோவில் கோஸ்மானுக்குப் பின் வந்தவர் க்ரூட்ஸ்மாகரின் மாணவர் ஃபிட்ஸன்ஹாகன். சைக்கோவ்ஸ்கியின் ‘ரொக்கோக்கோ’ வேரியேஷன்களின் வரிசையை மாற்றிவைத்த அதே ஆள். கும்மரின் மாணவர் யூலியஸ் கோல்ட்டர்மான் ப்ராக் போனார். அவரிடம் படித்தவர் டேவிட் போப்பர். போப்பரின் நாற்பது பயிற்சிகள், ஓபஸ் 73, 1901 முதல் 1905 வரை லைப்ஸிக்கில் வந்தன. செல்லோக்காரர்கள் பைபிள் என்று கொண்டாடுவது அதைத்தான். அதுவும் டிரெஸ்டனின் கொள்ளுப்பேரன். கொள்ளுப்பேரன் வந்தபின் தாத்தாக்களைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அவர்களை முழுக்க மறக்காமல் வைத்திருந்தது ஒரு தொகுப்பு. அதுவே அவர்களைப் பாதி கொன்றது. ஆல்வின் ஷ்ரோடர் 1855-ல் நொய்ஹால்டன்ஸ்லேபன் என்ற ஊரில் பிறந்தவர்; செல்லோவைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டு கெவாண்ட்ஹௌஸில் வாசித்து, 1891-ல் அமெரிக்கா போய் பாஸ்டன் சிம்பனியில் சேர்ந்தார். அவர் தொகுத்த ‘170 அடிப்படைப் பயிற்சிகள்’ மூன்று பாகம், நியூயார்க்கில் கார்ல் ஃபிஷர் வெளியீடு. டோட்ஸாவர், கும்மர், லீ, க்ரூட்ஸ்மாகர், டார்ம்ஷ்டாட்டின் பியூக்லர், வியன்னாவின் மெர்க் என்று எல்லோரிடமிருந்தும் பொறுக்கி, சுலபத்திலிருந்து கடினத்துக்கு வரிசையாக அடுக்கினார். விரலெண்களும் வில் குறிகளும் அவர் விருப்பப்படி. ஒவ்வொன்றின் தலையிலும் ஆசிரியர் பெயர் மட்டும். எந்த ஓபஸ், எத்தனையாவது என்று இல்லை. ஆசிரியருக்கு வசதியான புத்தகம், நானும் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஆனால் டோட்ஸாவர் ஓபஸ் 35-ல் எல்லா ஸ்கேல்களுக்கும் ஒன்றாக 24 கப்ரீஸ் எழுதினார் என்றால், அந்த வரிசைக்கு ஓர் அர்த்தம் இருந்தது. அதிலிருந்து ஒன்றை மட்டும் பிடுங்கி லீக்கும் பியூக்லருக்கும் நடுவே நட்டால் அது யாருடைய குரல் என்றே தெரியாது. எல்லாமே ‘ஷ்ரோடர்’ ஆகிவிடும்.

ப்ரௌன்ஷ்வைக்கில் செல்லோ வாசித்த க்ளிங்கன்பெர்க் கொஞ்சம் மேல். டோட்ஸாவரின் பயிற்சிகளில் 113-ஐத் தேர்ந்து நாலு பாகமாகப் போட்டார். குறைந்தபட்சம் ஒரே ஆளின் குரல் தொடர்ந்து கேட்கிறது. மூல அச்சுகளின் கதி என்ன? இசை அச்சுத்தொழிலின் தலைநகரம் லைப்ஸிக். 1943 டிசம்பர் 4 விடியற்காலை விமானத் தாக்குதலில் அச்சகங்களும் பதிப்பகங்களும் இருந்த பகுதி எரிந்துபோனது. ப்ரைட்கோப் கட்டடமும் அதில் அடக்கம். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன்.

தப்பித்தது ஊர் ஊராகச் சிதறியிருந்த நூலகப் பிரதிகளும், ஒரு வியாபாரியின் பட்டியலும். லைப்ஸிக்கின் ஹோஃப்மைஸ்டர் நிறுவனம் 1829 முதல் மாதாமாதம், ஜெர்மன் நாடுகளில் அச்சான இசைத்தாள்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டு வந்தது: வாத்தியம், ஓபஸ், விலை, கடை. கடைக்காரர்களுக்கான விலைப்பட்டியல்தான். ஆனால் இன்று அது கணினியில் கிடைக்கிறது. செல்லோ என்ற தலைப்பின் கீழ் விரலை ஓட்டிக்கொண்டே போனால் யார் எந்த வருஷம் எதை எழுதினார் என்று பிடித்துவிடலாம். பிறகு ஐஎம்எஸ்எல்பி போன்ற இசை நூலகங்களில் பழைய பிரதியின் ஸ்கேனைத் தேடுவது. நான் கும்மரின் கீழ்வரியை அப்படித்தான் திரும்பப் பெற்றேன். ஸ்கேன்களில் யாரோ ஒரு பழைய ஆசிரியர் நீலப் பென்சிலால் ‘மெதுவாக’ என்று எழுதியிருப்பார், நாலு இடத்தில் விரலெண்ணை அடித்துத் திருத்தியிருப்பார். அச்சான விரலெண்ணைவிடப் பல இடங்களில் பென்சில் நல்லது.

தோண்டினால் எல்லாம் தங்கம் என்று சொல்லமாட்டேன். டோட்ஸாவரிலேயே அரிசி கொஞ்சம் உமி கொஞ்சம். ஒரே சூத்திரத்தை ஸ்கேல் மாற்றி எழுதி ஓபஸ் எண் போட்டிருக்கிறார், பதிப்பாளர் கேட்டிருப்பார். மெர்க்கின் ஓபஸ் 11, இருபது பயிற்சிகள், மேடையிலேயே வாசிக்கலாம். ஷோப்பான் தன் ஓபஸ் 3 பொலொனேஸை அந்த மெர்க்குக்குத்தான் சமர்ப்பித்தார். பியூக்லரின் ஓபஸ் 21-ஐ முழுதாக வாசித்தால் ஷ்ரோடர் நல்லதையே பொறுக்கியிருக்கிறார் என்று ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கும்.

எமீல் பொக்மூலை மட்டும் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். ஃப்ராங்க்ஃபர்ட்காரர், ஓபஸ் 47 என்று ஐந்து பாகத்துக்குச் செல்லோ இயக்கப் பயிற்சி எழுதிய உழைப்பாளி. 1850 அக்டோபரில் ட்யூஸல்டார்ஃபில் எழுதி முடித்த தன் செல்லோ கான்செர்ட்டோவை ஷூமான் பின்னால் நம்பிக் காட்டியது இவரிடம். பொக்மூல் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்: வேகம் அதிகம், குறையுங்கள், இந்த இடம் வாத்தியத்துக்கு உட்காரவில்லை, மாற்றுங்கள். ஷூமான் பெரிதாக எதையும் மாற்றவில்லை. பொக்மூலும் கச்சேரி நாளைத் தள்ளிக்கொண்டே போனார், கடைசிவரை மேடையில் வாசிக்கவில்லை. 1854-ல் ப்ரைட்கோப் அதை அச்சிட்டது; 1856-ல் ஷூமான் இறந்தார், செல்லோ கான்செர்ட்டோவை மேடையில் கேட்காமலே. 1860 ஏப்ரல் 23 அன்று ஓல்டன்பர்க் அரசவை ஆர்கெஸ்ட்ராவின் லூட்விக் எபெர்ட் முதன்முதலாக அதை வாசித்தார். அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் முன்பு, மார்ச் 6-ல், டிரெஸ்டனில் டோட்ஸாவர் காலமாகியிருந்தார்.